இடம் கிடைக்கும் வரை

ஜூன் மாதம் பிறந்தால் நம் நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே விதமான அமைதி குடிகொள்கிறது. தேர்வு முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் தரவரிசையும் வந்துவிட்டன. எந்தக் கல்லூரி, எந்த ஊர், எந்தப் படிப்பு என்பது மட்டும் தெரியாது. பிள்ளை கைப்பேசியும் கையுமாக இருக்கும். பெற்றோர் கேட்க நினைத்ததைக் கேட்காமல் "சாப்பிட வா" என்று மட்டும் அழைப்பார்கள். உறவினர்களோ தவறாமல் தொலைபேசியில் வந்து, "என்ன ஆயிற்று?" என்று விசாரிப்பார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. வங்கிப் பணியின் பொருட்டுப் போபாலில் குடியிருந்தோம். எங்கள் ஒரே மகள் ஜே.இ.இ. தேர்வில் தரவரிசை பெற்று, சேர்க்கை முடிவுக்காகக் காத்திருந்தாள். அந்தச் சில வாரங்களில் நான் செய்யவிருந்த ஒரு தவற்றையும், அதிலிருந்து எங்களைக் காத்த ஓர் உரையாடலையும், இந்த ஆண்டு அதே நிலையில் இருக்கும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு பட்டியல்கள்

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய அரசின் தொழில்நுட்ப நிறுவனங்களில் இளநிலைப் பொறியியல் இடங்களை ஜோசா என்னும் கூட்டு அமைப்பு ஒதுக்குகிறது. 2015-ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. 23 ஐ.ஐ.டி.களும் 31 என்.ஐ.டி.களும் பிற நிறுவனங்களும் ஒரே கலந்தாய்வின்கீழ் வருகின்றன. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கணினியில் பதிய வேண்டும். எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் பதியலாம். பதிவுக் காலத்திலேயே மாதிரி ஒதுக்கீடுகள் வெளியாகும். அவற்றைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளலாம். குறித்த நாளில் பட்டியல் பூட்டப்பட்டுவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு பட்டியல்கள் உருவாயின. ஒன்று நான் தயாரித்தது. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வோர் இடமும் எந்தத் தரவரிசையில் நிரம்பியது என்ற விவரத்தைத் திரட்டி, விரிதாளில் அடுக்கினேன். போபாலிலேயே ஓர் என்.ஐ.டி. இருக்கிறது. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு உரியவை. ஒருவர் எந்த மாநிலத்தவர் என்பதை அவர் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற மாநிலமே தீர்மானிக்கிறது. தாய்மொழியோ பெற்றோரின் சொந்த ஊரோ அன்று. மாறுதலுக்கு உட்பட்ட பணியில் இருப்போர் பலரும் அறியாத விதி இது. எங்கள் மகள் தமிழ்நாட்டில் பிறந்தவளாயினும் இக்கணக்கில் மத்தியப் பிரதேச மாணவி. எனவே போபாலில் கட்டுமானப் பொறியியல் கிடைத்துவிடும் என்று மதிப்பிட்டு, அதை முதல் விருப்பமாக வைத்தேன். முதலில் வைத்தால்தான் உறுதியாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது நான் வாய்விட்டுச் சொல்லாத காரணம்.

மற்றொன்று மகளின் பட்டியல். அதன் உச்சியில் எட்டாக் கனிகளான சில ஐ.ஐ.டி. இடங்கள். அவற்றுக்குக் கீழே ரூர்கேலா என்.ஐ.டி.யில் உலோகவியல். அதன் பின் சூரத்கல், வாரங்கல், துர்காபூர் என நீண்டு, என் பட்டியலின் முதல் இடம் இருபத்தேழாவதாக நின்றது. "இப்படிப் போட்டால் இருப்பதும் கைநழுவிப் போகும்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சுக் குறைந்தது.

மொட்டைமாடியில் ஒரு கேள்வி

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. காற்றுக்காக மொட்டைமாடிக்குச் சென்றோம். அப்போது என் மனைவி அவளிடம் மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். "கல்லூரிக்குப் போனால் அங்கே நாள் எப்படிப் போகும் என்று நினைத்திருக்கிறாய்?"

அதுவரை நாங்கள் அவளிடம் கேட்டவை எல்லாம் தரவரிசை, பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு பற்றியவை. இந்தக் கேள்விக்கு அவள் நெடுநேரம் பேசினாள். விடுதி அறையில் வேறு வேறு மாநிலங்களைச் சேர்ந்த தோழியர். ஒருத்தியிடம் ஒடியா கற்றுக்கொள்வது. தேர்வுக்கு முந்தைய இரவில் உணவகத்தின் முன் தேநீருடன் நிற்பது. கலைவிழாவில் மேடையேறாவிட்டாலும் திரைக்குப் பின்னால் கம்பி இழுப்பது. யாரேனும் ஒருத்தியின் ஊருக்கு ஹோலிக்குச் செல்வது. சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது.

"அப்பா, நான் ஐந்து பள்ளிகளில் படித்திருக்கிறேன். ஒரே தோழிக்கு நான் மூன்று முறைக்கு மேல் பிறந்தநாள் வாழ்த்து நேரில் சொன்னதில்லை. நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில், ஒரே நண்பர்களோடு இருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இங்கே வீட்டிலிருந்து படித்தால், அடுத்த ஆண்டே உங்களுக்கு மாறுதல் வந்தால் என்ன செய்வோம்?"

மதுரை, விசாகப்பட்டினம், நாக்பூர், பாட்னா, போபால் என்று என் பணிப்பதிவேட்டில் வரிசையாக நிற்கும் ஊர்கள் அவளுக்கு எவ்வாறு கழிந்தன என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று விரும்பிய நான், அந்த வீடு எத்தனை நாள் அந்த ஊரில் இருக்கும் என்று கணக்கிடவும் இல்லை.

கல்லூரி வாழ்வைப் பற்றிய கற்பனைகளை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றில் திரைப்படச் சாயல் இருப்பது உண்மையே. நம் பிள்ளைகள் பலரின் மனத்தில் உள்ள பொறியியல் கல்லூரி, 2009-இல் வெளிவந்த 'த்ரீ இடியட்ஸ்' படத்தில் கண்டது. அந்தக் கல்லூரியின் பெயர் கற்பனை. அந்த வளாகமோ பொறியியல் கல்லூரியே அன்று, பெங்களூருவில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம். ஆயினும் கற்பனையின் உள்ளே பிள்ளையின் தேவை ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு அது பெரிய நூலகமாக இருக்கலாம். ஒருவருக்கு விளையாட்டுத் திடல். ஒருவருக்கு வீட்டுக்கு அருகில் இருப்பதே ஆறுதல். எங்கள் மகளுக்கு அது கலையாத நட்பு. விரிதாளில் அதற்கு ஒரு பத்தி இருக்கவில்லை.

உண்மையான வரிசையே நல்ல வரிசை

மறுநாள் கலந்தாய்வு விதிகளை இருவரும் அமர்ந்து முழுமையாக வாசித்தோம். முதலில் வைத்தால்தான் கிடைக்கும் என்ற என் எண்ணம் பிழையானது என்று தெரிந்தது.

இடங்களை ஒதுக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1962-இல் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு சிறு கணிதக் கட்டுரை எழுதினர். மாணவர்களின் விருப்பங்களையும் கல்லூரிகளின் தரவரிசைகளையும் குறைபாடின்றிப் பொருத்தும் வழியை அது காட்டியது. அத்துறைப் பங்களிப்புக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஜோசா ஒதுக்கீடும் அதே அடிப்படையில் அமைந்ததுதான்.

அதன் சாரம் இது. கணினி உங்கள் முதல் விருப்பத்தை முதலில் பார்க்கிறது. அங்கே உங்களைவிட முன்னணித் தரவரிசை உடையோரால் இடங்கள் நிரம்பியிருந்தால், இரண்டாவதைப் பார்க்கிறது, பிறகு மூன்றாவதை. முதல் விருப்பம் கிட்டாததால் இருபத்தேழாவது விருப்பத்தில் உங்கள் உரிமை சிறிதும் குறைவதில்லை. அந்த இடத்தை முதலாவதாக எழுதிய ஒருவர் உங்களைவிடப் பின்தங்கிய தரவரிசையில் இருந்தால், அவருக்கு முன்பாக உங்களுக்கே அது கிடைக்கும். ஆகவே எட்டாத இடத்தை உச்சியில் எழுதுவதால் இழப்பு இல்லை. இழப்பு வருவது, விரும்பாத இடத்தை விரும்பியதற்கு மேலே எழுதும்போதுதான். விரும்பாதது முதலிலேயே கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எழுதிய எதுவும் பிறகு வராது.

என் பட்டியலைப் பதிந்திருந்தால் போபால் இடம் முதல் சுற்றிலேயே கிடைத்து, மற்ற வழிகள் எல்லாம் அன்றே அடைபட்டிருக்கும். மகளின் பட்டியலில் நாங்கள் செய்த திருத்தம் ஒன்றே ஒன்று: கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று அவள் சொன்ன சில இடங்களை நீக்கினோம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் கலை, அறிவியல் படிப்புகளுக்குக் காத்திருப்போருக்கும் விருப்பப் பட்டியல் முக்கியமானதே. 2022-இல் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு வந்த பிறகு, தில்லிப் பல்கலைக்கழகமும் கல்லூரியையும் படிப்பையும் இணைத்து வரிசைப்படுத்தும் பொது ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுவரை குறைந்தபட்ச மதிப்பெண் பட்டியல்களே அங்கே முடிவைச் சொல்லின; 2021-இல் சில படிப்புகளுக்கு அது நூற்றுக்கு நூறாக இருந்தது.

ஒதுக்கீடு வந்த பிறகு

ஜோசாவில் ஐந்து அல்லது ஆறு சுற்றுகள் நடைபெறும். ஓர் இடம் ஒதுக்கப்பட்டால், குறித்த காலத்துக்குள் சேர்க்கை ஏற்புக் கட்டணத்தைச் செலுத்தி, சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். சான்றிதழ் பற்றி அலுவலர் விளக்கம் கேட்டால் உடனே பதில் அளிக்க வேண்டும். காலம் தவறினால் இடம் பறிபோவதோடு, கலந்தாய்விலிருந்தே விலக்கப்படுவீர்கள். ஆகவே சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவை உரிய படிவத்தில், உரிய ஆண்டுக்குரியவையாக முன்னரே கையில் இருக்கட்டும். கட்டணம் செலுத்தும் நாளில் கணக்கில் போதிய இருப்பும், இணையப் பரிமாற்ற வரம்பும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வதும் நன்று.

ஏற்கும்போது மூன்று வழிகள் உண்டு. இதுவே போதும் என்றால் 'ஃப்ரீஸ்'. கிடைத்ததை வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலுள்ள எந்த இடத்துக்கும் காத்திருக்க விரும்பினால் 'ஃப்ளோட்'. அதே கல்லூரியில் மேலான பாடப்பிரிவு மட்டும் வேண்டுமென்றால் 'ஸ்லைடு'. பின்னிரண்டையும் தேர்ந்தோர்க்கு அடுத்த சுற்றில் மேலான இடம் வந்தால் பழையது தானாகவே நீங்கிவிடும்; வராவிட்டால் பழையது அப்படியே இருக்கும். விதிகளின் நுணுக்கங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், அவ்வாண்டு அறிவிப்பை நேரடியாக வாசிப்பதே பாதுகாப்பு.

எங்கள் மகளுக்கு முதல் சுற்றில் பதினான்காவது விருப்பம் வந்தது. 'ஃப்ளோட்' கொடுத்தாள். இரண்டாம் சுற்றில் மாற்றமில்லை. மூன்றாம் சுற்றில் ஒன்பதாவது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே இருந்த நாட்கள் மிக நீண்டவை. கடைசிச் சுற்று முடிவு வெளியான மாலை வெளியே நல்ல மழை. கைப்பேசியைப் பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் அதை அம்மாவிடம் நீட்டினாள். ரூர்கேலா, உலோகவியல்.

பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

காத்திருக்கும் வாரங்களில் பல வீடுகளில் பேசப்படாத செய்தி பணம். பிள்ளையின் கனவைக் குலைக்கக் கூடாதென்று பெற்றோர் பேசுவதில்லை. பெற்றோரை வருத்தக் கூடாதென்று பிள்ளையும் கேட்பதில்லை. விருப்பப் பட்டியல் பூட்டப்படும் முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. கல்விக் கட்டணத்தோடு விடுதி, உணவு, மடிக்கணினி, ஆண்டுக்கு இருமுறை ஊர் வந்து போகும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து நான்கு ஆண்டுக் கணக்காகப் போடுங்கள்.

கல்விக்கடன் தேவைப்படுவோர், இடம் உறுதியாகும் முன்பே கிளையை அணுகித் தேவையான ஆவணங்களைத் தெரிந்துகொள்ளலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டத்தின்கீழ், தகுதி பெற்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்கள் ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு 75 விழுக்காடு கடன் உத்தரவாதத்தை அரசு அளிக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில், தவணை தொடங்கும் முன்னுள்ள காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் கிடைக்க வழி உண்டு. விண்ணப்பம் முழுவதும் இணையத்தின் வழியே நடைபெறுகிறது.

திருப்பிச் செலுத்தும் பொறுப்பு பிள்ளையின் பெயரிலும் இருக்கும். ஆகையால் தவணைத் தொகை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்பதை அவர்களும் அறிந்திருக்கட்டும். தொகையைக் கேட்டு எங்கள் மகள் சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "பெரிய தொகைதான். ஆனால் தெரிந்தது நல்லது" என்றாள்.

கிடைக்காமல் போனால்

எல்லா வீடுகளிலும் விரும்பிய பெயர் வருவதில்லை. மகளுடன் படித்த ஒருவனுக்குக் கடைசிச் சுற்று வரை எதுவும் வரவில்லை. அந்த நாட்களில் அவன் வீட்டில் மற்ற பிள்ளைகளின் முடிவுகளை யாரும் பேசாமல் இருந்தார்கள் என்றும், அவன் தந்தை தினமும் அவனோடு மாலை நடைக்குச் சென்றார் என்றும் பின்னர் அறிந்தோம். இப்போது அவன் மாநிலக் கல்லூரி ஒன்றில் படிக்கிறான்.

உறக்கம் குறைதல், உணவை மறுத்தல், யாரோடும் பேசாமை ஆகியவை சில நாட்களுக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டாம். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும் அழைக்கலாம்.

விடுதியில் சேரும் பிள்ளைகளைக் குறித்த மற்றோர் அச்சம் ராகிங். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை முற்றாகத் தடை செய்கின்றன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி அளிக்க வேண்டியதும் அவ்விதிகளின்படியே. 1800-180-5522 என்பது தேசிய உதவி எண். அதைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

டிசம்பர் விடுமுறைக்கு வந்த மகளிடம், "நீ நினைத்தபடி இருக்கிறதா?" என்று என் மனைவி கேட்டார். "எதுவுமே நினைத்தபடி இல்லை" என்று சிரித்தாள். அறைத்தோழியர் நல்லவர்கள், ஆனால் நெருக்கமாகவில்லை. முதல் மாதம் விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை; இரவில் அழுதிருக்கிறாள்; எங்களிடம் சொல்லவில்லை. கலைவிழாக் குழுவில் சேர்க்கவில்லை. நெருங்கிய தோழியானவள், முதல் நாள் சான்றிதழ் சரிபார்ப்பு வரிசையில் இவளிடம் பேனா கடன் வாங்கிய அசாமியப் பெண். ஒடியா இன்னும் வரவில்லை. அசாமிய மொழியில் நாற்பது சொற்கள் தெரியும்.

நட்பு வேறு வழியாக வந்தது, ஆனால் வந்துவிட்டது.

இந்த ஏப்ரலில் எனக்கு மாறுதல் ஆணை கிடைத்தது. மகள் அன்று கேட்டது அப்படியே நிகழ்ந்திருக்கிறது. போபாலில் வைத்திருந்தால் இப்போது அவளுக்கு விடுதி தேடிக்கொண்டிருப்போம். செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். ஒவ்வொரு முறையும் இந்தச் செய்திக்குப் பிறகு வீட்டில் ஒரு அழுகை இருக்கும். இம்முறை அவள் சொன்னாள்: "பரவாயில்லை அப்பா. விடுமுறைக்கு எந்த ஊருக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்."

சென்ற வாரம் புதிய ஊரில் முகவரி மாற்றப் படிவங்களை நிரப்பினேன். என் கணக்கு, மனைவியின் கணக்கு, எரிவாயு இணைப்பு என்று வழக்கமான கட்டு. மகளின் கணக்கு ரூர்கேலா கிளையில் இருக்கிறது. அதற்குப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.